அச்சாரம் கொடுத்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

தை மாதம், நீடாமங்கலம் பக்கம். சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வருகிறேன் என்று பெல்ட் வைத்த நெல் அறுவடை மெஷின்காரர் அச்சாரம் வாங்கிப் போனார், வரவில்லை. வாடகை கூடக் கிடைத்த ஊருக்கு வண்டியை ஓட்டிவிட்டார். சனிக்கிழமை ராத்திரி மழை. நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது.

இப்படி நொந்து வருகிறவர்கள் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "எழுத்துல ஒண்ணும் இல்லையே வக்கீல் சார்." முதல் தவறு இந்த எண்ணம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் சிலவற்றைத் தவிர, வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் பாடு. அச்சாரத்தைக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் போடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "வெள்ளி காலை 8 மணி, மூணு ஏக்கர். மழைக்கு முன்னாடி அறுக்கலேன்னா நெல்லு முளைச்சிடும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விடுவது அடுத்த தவறு. இங்கிலாந்தில் 1854இல் ஒரு வழக்கு. குளோஸ்டர் நகரத்து மாவு மில்லில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. அதைக் கொண்டுபோன வண்டிக்காரர்கள் தாமதம் செய்ததால் மில் சும்மா கிடந்தது. ஆனால் தாமதமானால் மில்லே நின்றுபோகும் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியாது என்று சொல்லி, இழந்த லாபத்தைக் கொடுக்க நீதிமன்றம் மறுத்தது. நம் சட்டத்தின் 73ஆவது பிரிவும் இதே வழிதான்: வழக்கமாக வரக்கூடிய நஷ்டம், அல்லது ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம். அதற்கு மேல் கேட்க முடியாது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. நஷ்டத்தைக் குறைக்க நமக்கு என்ன வழி இருந்தது என்றும் பார்ப்பார்கள். "வராதவன் கொடுக்கட்டும்" என்று நெல்லை அப்படியே போட்டுவிட்டு உட்காரக் கூடாது. கூடுதல் வாடகைக்காவது வேறு மெஷினைப் பிடியுங்கள். அந்தக் கூடுதல் தொகையை வராதவரிடம் கேட்கலாம்.

சரி, பேச்சே இல்லாத இடத்தில்? முன்பட்டக் குறுவைக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கிறார் ஒருவர். காற்று வரப்பைத் தாண்டுகிறது. சில நாளில் அடுத்த வயல் பருத்தியின் புது இலைகள் வெண்டை இலை மாதிரி விரல் விரலாக நீண்டு சுருங்குகின்றன. கேட்டால், "உனக்கும் எனக்கும் என்ன ஒப்பந்தம்?" என்கிறார். கவனமாக இருக்கும் கடமைக்கு ஒப்பந்தம் வேண்டியதில்லை. 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கில், தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்தது என்பது புகார். குடித்த பெண்ணுக்கும் தயாரித்தவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் நம் செயலால் யாருக்குக் கேடு வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிறதோ அவர் நமக்கு 'அண்டை அயலார்', அவரிடம் கவனமாக நடக்க வேண்டும் என்றது தீர்ப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரைவிட நெருங்கிய அண்டை அயலார் யார்? நம் சொற்படி மருந்தடித்த கூலியாளைக் கைகாட்டியும் தப்ப முடியாது.

பாதிக்கப்பட்டவர்கள் செய்யும் தவறு, ஆத்திரத்தில் செடியைப் பிடுங்கிப் போடுவது. சாட்சியே அந்தச் செடிதான். போட்டோ எடுத்து, உடனே வேளாண்மை அலுவலரை வயலுக்கு அழைத்து, அவர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். மருந்து அங்கிருந்துதான் வந்தது, அதனால்தான் செடி கெட்டது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

விதை முளைக்காதவர்களும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். விதைக் கேட்டில் விவசாயி நுகர்வோராக வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில், பை, சான்று விதையின் நீல அட்டை மூன்றையும் அறுவடை வரை வைத்திருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு, ஒப்பந்த மீறலுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போக 3 ஆண்டுதான் கெடு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.