தில்லியில் அயல்நாட்டு மாணவர்களோடு ஒரு மாலை: நடத்தும் முறை

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான பிரிக்ஸின் ஒத்துழைப்பில் அரசியலும் பொருளாதாரமும் அரசுகளின் வேலை. மூன்றாவது துறையான மக்கள் உறவை, தில்லியின் முனீர்க்காவில் வாடகை அறையில் இருக்கும் ஒரு தமிழ் மாணவரும் வளர்க்க முடியும். 1950இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகை பெற்று, 2024இல் பிரிக்ஸில் இணைந்த எத்தியோப்பியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் இந்தியாவில் படிக்கிறார்கள். அவர்களில் பலர் நம் பக்கத்துத் தெருவில் இருந்தும் ஒரு தமிழ் வீட்டின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் ஊர் திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது.

முதல் கூடலுக்கு எட்டுப் பேர் போதும்; பாதிப் பேர் நம்மவர், பாதிப் பேர் விருந்தினர். பொன்னாடையும் சிறப்புரையும் வேண்டாம். அழைக்கும்போது நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் ஊரையும் தாய்மொழியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பியரை அழைப்பதானால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். நாம் நாழிகை எண்ணியதைப் போல அவர்கள் ஊர் வழக்கத்தில் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதால், நம் காலை ஒன்பது மணி அவர்களுக்கு மூன்று மணி. ஆகவே எந்தக் கணக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியோடு பாலையும் நெய்யையும் தவிர்க்கும் நோன்பு இருப்பதால், அந்நாட்களில் நெய்ப்பொங்கலும் தயிர்ச்சாதமும் உதவா. இட்லியும், நெய் சேர்க்காத சாம்பாரும், பால் விடாத டிக்காக்ஷனும் வையுங்கள். தெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா என்ற அப்பத்தை உண்டு வளர்ந்தவருக்கு நம் தோசை மாவின் புளிப்பைப் பற்றி விளக்க வேண்டியிராது.

பேச்சுக்குப் பழைய உறவுகளை எடுக்கலாம். எகிப்தியர் இருந்தால், செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த, தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓட்டின் படத்தைக் காட்டுங்கள். இந்தோனேசியர் இருந்தால், சுமாத்திராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ் வணிகர் கல்வெட்டின் படத்தைக் காட்டுங்கள். ஆனால் பெருமை பேசும் இடமாக இது மாறக்கூடாது. கடல் கடந்து போனவர்களை வரவேற்ற துறைமுகத்தாரின் கதையை விருந்தினர் வாயால் கேட்பதுதான் நோக்கம். 1860 முதல் கூலி ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா சென்றோரின் வழிவந்தவர் ஒருவர் வந்தால், தமிழ் தெரியவில்லையே என்று அவரிடம் குறைபட வேண்டாம்.

கூடலின் முக்கியப் பகுதி, இரு தரப்பும் ஒன்றைக் கற்றுக்கொடுப்பது. எழுத்திலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பேன். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி எழுத்தில் ஒவ்வொரு மெய்யும் உயிர் சேரச் சேர ஏழு வடிவம் எடுக்கும். க, கா, கி, கீ சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அந்த அட்டவணை அரை மணியில் பிடிபடும். விருந்தினருக்கும் நம் உயிர்மெய் வரிசை அப்படியே பிடிபடும். ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவர் பெயரைத் தம் எழுத்தில் எழுதி, அவரைப் படிக்கச் செய்ய வேண்டும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கட்டாயம் உட்காரவையுங்கள்.

அயல்நாட்டு விருந்தினர் யாரேனும் இரவு தங்கினால், வீட்டார் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படி அவசியம்.

விருந்தினர் கிளம்பும் முன்னரே அடுத்த நாளைக் குறித்து, அம்முறை அவர்கள் அறையில் கூடுங்கள். எத்தியோப்பியர் முறைப்படி காபி தந்தால் அது மூன்று சுற்று வரும். கடைசிச் சுற்றுக்கு முன் எழுவது மரியாதையன்று என்பதால், கடைசி மெட்ரோவைக் கணக்கிட்டு மாலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள்.