வயிற்றில் பிள்ளை, கையில் பச்சை: எங்கே தவறுகிறோம்?

என் நாத்தனார் மகள் போன மாதம் ஒரு வெள்ளைத் தாளுடன் வீட்டுக்கு வந்தாள். ஸ்டாம்ப் பேடில் ஒற்றி எடுத்த குழந்தையின் பாதத் தடம். பெருவிரல் மட்டும் சற்று இழுபட்டிருந்தது. பிள்ளைக்கு நான்கு மாதம். அந்தத் தடத்தை அப்படியே மணிக்கட்டின் உட்புறத்தில் டாட்டூவாகக் குத்திக்கொள்ளப் போகிறாளாம். முன்பணமும் கட்டிவிட்டாள். “ஒரே ஒரு சந்தேகம்தான் அத்தை. மை பாலில் இறங்குமா?”

பிரசவ வார்டில் இருபத்தைந்து ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். டாட்டூ என்றாலே எல்லோரும் மையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஊசியைப் பற்றிக் கேட்பவர்கள் கொஞ்சம். மையைக் கரைக்கும் தண்ணீரைப் பற்றியோ, குத்திக்கொள்ளும் தேதியைப் பற்றியோ ஒருவர்கூடக் கேட்டதில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன.

முதலில் மை விஷயத்தை முடித்துவிடுவோம். டாட்டூ ஊசி தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்குகிறது. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் மையை விட்டுவிட்டு வெளியே வருகிறது. அங்கே காவல் இருக்கும் செல்கள் வந்த அந்நியனை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. டாட்டூ அழியாமல் நிற்பதற்கு அதுவே காரணம். மிக நுண்ணிய துகள்கள் சில நிணநீர்க் கணுக்கள் வரை போவதை ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2017இல் படம் பிடித்துக் காட்டினார்கள். பாலுக்குள் நுழைய இந்தத் துகள்கள் மிகப் பெரியவை என்பதுதான் தாய்ப்பால் ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது. கர்ப்பிணிக்கு மையைக் குத்திப் பார்த்து அளந்த ஆய்வு எதுவும் கிடையாது. அப்படி ஓர் ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அதனால் யாரும் “முழுப் பாதுகாப்பு” என்று கையெழுத்துப் போட்டுத் தரப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நம் ஊரில் குப்பியின் மேல் ஒட்டிய லேபிளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே மையைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருப்பது நியாயம்தான். ஆனால் என் அனுபவத்தில் அது வரிசையில் கடைசியாக நிற்க வேண்டிய சந்தேகம்.

“புது ஊசிதான் போடுகிறார்கள்”

கண் முன்னால் உறையைப் பிரித்தார்கள், புது ஊசி, கையுறை மாட்டினார்கள். இத்தனையும் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அது பாதி நிம்மதிதான்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் 2011 கடைசியில் டாட்டூ குத்திக்கொண்ட 19 பேருக்குக் குத்திய இடத்தில் சிவந்த கொப்புளங்கள் கிளம்பின. காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான ஒரு மைக்கோபாக்டீரியம்தான் காரணம். கடையில் சுத்தத்துக்குக் குறை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த சாம்பல் நிற மைக்குள்ளேயே கிருமி இருந்தது. கருப்பு மையை நீர்க்கச் செய்துதான் அந்தச் சாம்பல் நிறத்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு விடும் தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி மைக்குள் போய்விடும்.

இதைப் படித்திருந்ததால், நாத்தனார் மகளுடன் அந்த ஸ்டுடியோவுக்குப் போனபோது என் கண் தண்ணீரைத்தான் தேடியது. எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞருக்குத் தோளில் சிங்க முகம் ஓடிக்கொண்டிருந்தது. பிடரியில் நிழல் விழ வேண்டிய இடம் வந்ததும், குத்துபவர் கைவிரல் நுனி அளவுள்ள சின்னஞ்சிறு கிண்ணத்தில் கருப்பு மையைச் சொட்டினார். மேசையில் இருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியால் இரண்டு சொட்டு அதில் விட்டார். அடுத்த நொடி அதே கையுறையோடு செல்பேசித் திரையைத் தள்ளிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊசி என்னவோ புத்தம் புதிதுதான்.

இப்படிப்பட்ட தொற்று யாருக்கு வந்தாலும் தொல்லைதான். கர்ப்பிணிக்கு வந்தால் தொல்லை இரட்டிப்பாகிறது, ஏனென்றால் மருந்து அலமாரியில் பாதிக்குப் பூட்டு விழுந்துவிடுகிறது. தோல் தொற்றுக்குச் சாதாரணமாக எழுதப்படும் டாக்ஸிசைக்ளின் வேண்டாம். குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வலிக்கு இபுபுரூஃபன் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். இருபதாவது வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். மைக்கோபாக்டீரியம் தொற்றுக்கோ மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும். கர்ப்ப கால நீரிழிவு இருப்பவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதமாகும். ஒரு மணிக்கட்டு டாட்டூவுக்காக இத்தனையையும் வரிசையில் நிற்க வைக்க வேண்டுமா என்பது அவரவர் முடிவு. என்னைக் கேட்டால் வேண்டாம்.

“மூன்றாம் மாதமே எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது”

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். வார்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பம் பதிவு செய்யும்போதே எச்ஐவி, சிபிலிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறோம். “நெகட்டிவ்” என்று அட்டையில் எழுதிவிடுகிறோம். அந்த எழுத்து, ரத்தம் எடுத்த நாள் வரைக்கும்தான் சாட்சி சொல்லும். ஐந்தாம் மாதத்தில் திருவிழாக் கடையில் கணவர் பெயரைக் குத்திக்கொண்டு, இன்னொருவர் ரத்தம் பட்ட ஊசியிலிருந்து கிருமி தொற்றினால் அந்த அட்டைக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு அட்டையைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

ஹெபடைடிஸ் பி சாதாரணக் கிருமி அல்ல. உலர்ந்த ரத்தத்தில், உடலுக்கு வெளியே, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றினால், அப்படித் தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது தீராத நோயாக நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும் அதே கிருமிதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அது இதற்காகத்தான். தாய்க்குத் தொற்று இருப்பது முன்பே தெரிந்தால் அந்தத் தடுப்பூசியோடு, உடனே வேலை செய்யும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவோம். தெரியாவிட்டால் அந்த இரண்டாவது ஊசி போடப்படுவதில்லை.

இன்னொன்று. இந்தியாவில் குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் வந்து சேர்ந்தது 2011இல்தான். இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பலர் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள். கர்ப்ப காலத்திலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. மாத்திரை இருக்கிறது, ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது பொதுவாக அதைத் தொடங்குவதில்லை.

அவசரப்பட்டு மறுவாரமே டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதி அடைவதும் தவறுதான். கிருமி உள்ளே வந்த பிறகும் பரிசோதனையில் அகப்பட வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அதனால்தான் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். ரத்த வங்கிகள் டாட்டூ குத்திக்கொண்டவரிடம் ஓராண்டுக்கு ரத்தம் வாங்குவதில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள். எச்ஐவி புதிதாகத் தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்கள் கர்ப்பத்தின்போதோ பால் கொடுக்கும்போதோ வந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. பால் விஷயத்தில் பயப்பட வேண்டியது இதற்குத்தான், மைக்கு அல்ல.

பயந்துபோய்ப் பாலை நிறுத்துவது

குத்திக்கொண்டாகிவிட்டது, பிறகுதான் இதையெல்லாம் படிக்கிறீர்கள் என்றால், முதலில் செய்யக்கூடாதது பாலை நிறுத்துவது. ஆஸ்திரேலியாவில் 2015இல் ஒரு நீதிபதி, டாட்டூ குத்திக்கொண்ட தாய் தன் பதினொரு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று உத்தரவே போட்டார். அவருடைய ரத்தப் பரிசோதனைகள் நெகட்டிவாக வந்திருந்தன. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை. நீதிபதிக்கே அந்தப் பயம் வந்திருக்கிறது என்றால் மாமியாருக்கு வந்ததில் வியப்பில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் ஹெபடைடிஸ் பி உள்ள தாயும் பால் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் கொடுக்கலாம், மார்புக்காம்பு வெடித்து ரத்தம் கசியும் நாட்களைத் தவிர. குத்திய இடம் சிவந்து சூடாகிறது, சீழ் வைக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பால் கொடுக்கிறேன் என்று சொல்லி மருந்து எழுதி வாங்க வேண்டும். சில பெண்கள் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: பால் கொடுக்கும் காலத்தில் மார்பில் குத்திக்கொள்வது எந்தக் கணக்கிலும் சரிவராது. ஆறாத புண்ணின் மேல் குழந்தையின் வாய் படும்.

லேசர் வைத்துப் பழைய டாட்டூவை அழிக்க நினைப்பவர்களும் பொறுத்திருக்கலாம். லேசர் அந்த மையைப் பொடிப் பொடியாக உடைத்து உடலுக்குள்தான் அனுப்புகிறது. எத்தனையோ ஆண்டுகள் சும்மா இருந்ததை இந்த நேரம் பார்த்துக் கிளறுவானேன்?

முதுகில் குத்திக்கொண்டதை மறைப்பது

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டின் மீது டாட்டூ இருப்பவர்களுக்கு ஒரு பயம்: சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட மாட்டார்கள் என்று. அதனால் கடைசி நிமிடம் வரை சொல்வதே இல்லை. ஆறிப்போன பழைய டாட்டூ இருந்தாலும் பொதுவாக ஊசி போடுவார்கள். ஊசி மையை உள்ளே கொண்டுபோய்விடுமோ என்ற சந்தேகத்தைக் கனடாவின் மயக்கவியல் இதழ் ஒன்று 2002இல் எழுப்பியது. அந்தக் கட்டுரையில் வந்த மூன்று பெண்களுக்கும் எந்தக் கெடுதலும் நேரவில்லை. இருந்தாலும் மயக்க மருத்துவர்கள் படத்தின் நடுவே மை படாத ஓர் இடுக்கைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் தோலில் சின்னதாகக் கீறிவிட்டு ஊசியை இறக்குவார்கள். புதிதாகக் குத்தி இன்னும் பொருக்கு உதிராத டாட்டூதான் உண்மையான சிக்கல். ஆறாத புண்ணின் வழியாகத் தண்டுவடத்துக்கு ஊசி இறக்க யாரும் விரும்ப மாட்டார்கள். முதுகில் டாட்டூ இருந்தால் அதை மயக்க மருத்துவரிடம் எட்டாம் மாதமே காட்டிவிட வேண்டும், நள்ளிரவில் மேசையில் படுத்த பிறகு அல்ல.

வயிற்றில் குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரே வரி: பிரசவத்துக்குப் பிறகு அந்த மயில் எந்த உருவில் மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“பாட்டிகள் குத்திக்கொள்ளவில்லையா?”

குத்திக்கொண்டார்கள். என் பாட்டியின் முன்னங்கையில் ஒரு தேளும் புள்ளிக்கோலமும் சாகும்வரை இருந்தன. விளக்குக் கரியையும் அகத்திக்கீரைச் சாற்றையும் கொட்டாங்குச்சியில் குழைத்தார்கள், தாய்ப்பாலும் சில சொட்டு விட்டார்கள் என்று சொல்வார். குத்த வந்த அம்மாவிடம் இருந்தது மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. தெருவுக்கே அது ஒன்றுதான். ஹெபடைடிஸ் பி கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1965இல். பாட்டிக்குப் பச்சை குத்தியது அதற்கு வெகுகாலம் முன்பு. அந்தக் காலத்தில் மஞ்சள் காமாலை வந்து போனவர்களில் எத்தனை பேருக்கு ஊசியிலிருந்து வந்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

பச்சை வேண்டாம் என்றதும் வளைகாப்புக்கு மெஹந்தி கோனை நீட்டுகிறார்கள். வீட்டில் அரைத்த மருதாணி என்றால் கர்ப்பிணி தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சில மணி நேரம் ஊற வேண்டும்; ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்புக்கு வரும். அரை மணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் “கருப்பு மெஹந்தி” வேறு. அதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். கொப்புளம் கிளம்பிவிட்டால் பிற்காலத்தில் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிறந்த குழந்தையின் கையில் மட்டும் நல்ல மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அது ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையைக் கொண்டுவரக்கூடும்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன். சிங்க முகம் முடிந்து எங்கள் முறை வந்தது. ஒரு படிவம் கொடுத்தார்கள். “கர்ப்பிணியா? பால் கொடுப்பவரா?” என்று ஒரு கேள்வி இருந்தது. இவள் “இல்லை” என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஆமாம் என்று போட்டால் குத்த மாட்டார்கள், அத்தை.” நான் பதில் சொல்லவில்லை. அவளே இன்னொரு கட்டத்தில் டிக் அடித்தாள். குத்துபவர் படிவத்தைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், குழந்தை பால் மறந்த பிறகு வாருங்கள் என்றார். குடிதண்ணீர் பாட்டில் மனிதரிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. சுத்திகரித்த ஸ்டெரைல் வாட்டர் மருந்துக் கடையிலேயே கிடைக்கும் என்று அவரிடம் சொன்னேன், தலையாட்டினார். முன்பணம் ஐந்நூறு ரூபாயை மட்டும் திருப்பித் தரவில்லை.