கூத்துக்குழுவுக்கு அரசு நிதியுதவி: கடைசிக் காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

அரசு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கலைக்குழுவில் எல்லாருடைய கவனமும் விண்ணப்பத்தின் மேலேயே இருக்கும். பணம் வந்த பிறகு ஒப்படைக்க வேண்டிய கணக்கைப் பற்றி அப்போது யாரும் பேசுவதில்லை. கணக்கு சரியாகப் போகாவிட்டால் மீதித் தவணை நின்றுவிடும், அடுத்த ஆண்டு விண்ணப்பமும் நகராது. நல்ல குழுக்கள் பல இப்படித்தான் ஒரே முறை நிதி வாங்கியதோடு நின்றுபோயின. அதனால் பயன்பாட்டுச் சான்றை (வந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் சான்றை) மனத்தில் வைத்தே முதல் வேலையைத் தொடங்குவது நல்லது. இங்கே வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து ஜமா (கூத்துக்குழு) ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பறையாட்டம், பொம்மலாட்டம், நவீன நாடகம் எதுவானாலும் காகித வேலை ஏறத்தாழ இதேதான்.

எந்தப் பணம் எதற்கு

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ என்ற பெரிய திட்டத்துக்குள் பல கிளைகள் உண்டு. சிறிய குழுக்களுக்குப் பயன்படுபவை முக்கியமாக இரண்டு.

முதலாவது ரெப்பர்டரி மானியம், அதாவது குரு–சிஷ்ய முறையில் கலை கற்பிக்கும் குழுக்களுக்கான மாதாந்தர உதவி. ஒரு குருவுக்கு மாதம் ₹15,000. சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து ₹2,000 முதல் ₹10,000 வரை. ஒரு குருவுக்கு 18 சிஷ்யர்கள் வரை கேட்கலாம். ஒரு வாத்தியார், ₹10,000 பெறும் வயதுவந்த சிஷ்யர்கள் ஆறு பேர் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,80,000 கூட்டல் 7,20,000, ஆக ₹9 லட்சம். தொகை பெரிதாகத் தெரிந்தாலும் இதில் ஒரு ரூபாய்கூட வேன் வாடகைக்கோ உடைக்கோ கிடையாது. முழுவதும் பெயர் குறிப்பிட்ட கலைஞர்களின் ஊதியம்.

இரண்டாவது, விழா, பயிலரங்கு, கருத்தரங்கு, புதிய மேடைத் தயாரிப்பு ஆகியவற்றுக்கான நிதி. வழக்கமான உச்சவரம்பு ₹5 லட்சம், சிறப்பு நேர்வுகளில் ₹20 லட்சம் வரை. மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்கு மேல் அரசு தராது, மீதியைக் குழுவே திரட்ட வேண்டும்.

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் உதவிகளும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய உதவிகளும் வேறு வகை. நலவாரியம் தனி ஒரு கலைஞருக்கானது. குழுவின் செலவுத்திட்டத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் வாரிய உறுப்பினரா என்று பார்த்துப் பதிவு செய்துவிடுவது குழுத் தலைவரின் கடமை.

தொகைகளும் விதிகளும் திருத்தப்படுவதுண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை அமைச்சகத் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து, வரிவரியாகப் படித்து, கேட்கப்படும் ஒவ்வோர் ஆவணத்தின் மேலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

வெறும் ஜமாவாக விண்ணப்பிக்க முடியாது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்க வேண்டும். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர் தேவை. பதிவாகி மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. ஆகவே, இன்று பணம் தேவைப்படாத குழுவும் இன்றே பதிவு செய்துவிடலாம். பதிவு செய்தால் மட்டும் போதாது. ஆண்டுப் பொதுக்குழு, தீர்மானப் புத்தகம், நிர்வாகிகள் பட்டியல், வரவு செலவு அறிக்கை ஆகியவை ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேட்கும்போது ஒரே வாரத்தில் மூன்று ஆண்டுக்கும் எழுதிய கணக்கு பார்த்தவுடன் தெரிந்துவிடும்: ஒரே பேனா, ஒரே தேதியிட்ட கையெழுத்து.

அடுத்து, குழுவின் பெயரில் பான் எண், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் ‘தர்பன்’ தளத்தில் பதிவு, அரசுப் பணப் பட்டுவாடாவுக்கான பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவு. தர்பனில் நிர்வாகிகளின் பான் எண்களும் கேட்பார்கள். அதிகம் தடுக்குவது இங்கேதான். பதிவுச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பான் அட்டைக்காகப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதியிருப்பார், வங்கியில் இன்னொருவர் இன்னொருவிதமாக எழுதியிருப்பார். ‘கூத்து’ என்ற ஒரு சொல்லையே நாலு விதமாக எழுதலாம். ‘சபை’ ஓரிடத்தில் ‘சபா’ ஆகியிருக்கும். கணினி இதை இரண்டு வேறு நிறுவனங்களாகத்தான் பார்க்கும், பணமும் திரும்பிப் போகும். விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போதே இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் பான் அட்டையை முதலில் திருத்துங்கள், மற்றவை அதன்பின் ஒழுங்காகும். தலைவர், செயலாளரின் இனிஷியலுக்கும் இதே கதிதான்.

தமிழில் உள்ள துணைவிதிகளை மொழிபெயர்த்துச் சான்றளித்து வைத்துக்கொள்ளுங்கள். துணைவிதியில் ‘கலை, பண்பாட்டு வளர்ச்சி’ என்பது நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊர்நல மன்றமாகப் பதிவான சில குழுக்களில் அந்த வரியே இருக்காது.

செலவுத்திட்டம்

பத்து நாள் பயிலரங்கு, பிறகு ஐந்து ஊர்களில் ஐந்து இரவு ஆட்டம் என்று ஒரு திட்டம் போடுவோம். ஆசான்கள் இருவர், நாளுக்கு ₹2,000, பத்து நாள்: ₹40,000. பயிலும் 15 பேருக்கு உணவு, நாளுக்கு ₹250: ₹37,500. ஒத்திகைக்கு 14 கலைஞர்கள், எட்டு நாள், நாளுக்கு ₹500: ₹56,000. அந்தப் பதினான்கு பேருக்கும் ஆட்டச் சம்பளம் இரவுக்கு ₹1,500, ஐந்து இரவு: ₹1,05,000. மைக்செட்டும் விளக்கும் இரவுக்கு ₹9,000: ₹45,000. வேன் இரவுக்கு ₹6,500: ₹32,500. அரிதாரம், ஒப்பனைப் பொருள் ₹14,000. உடை, புஜகீர்த்தி (தோளணி), கிரீடம் பழுது ₹20,000. வீடியோ பதிவு ₹30,000. அச்சு ₹10,000. தணிக்கையாளர் ₹10,000. மொத்தம் ₹4,00,000. இதில் 75 விழுக்காடு, அதாவது ₹3,00,000 கேட்கலாம்.

‘கலைஞர் செலவு – ₹2 லட்சம்’ என்று ஒரே வரியில் எழுதினால் அமைச்சகத்தின் தேர்வுக் குழு எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும். ஆள், நாள், விலை என்று பிரித்து எழுதினால் குறைப்பது கடினம். ஒத்திகைக்குச் சம்பளம் எழுதக் கூச்சப்பட வேண்டாம். எட்டு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற மனிதருக்கு அது நியாயமான பணம். அதை எழுதாமல் விட்டால் வேறு எந்தத் தலைப்பிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாது.

புதிய ஆர்மோனியமோ மிருதங்கமோ இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பயன்பாட்டுச் சான்றுக்கான ஜி.எஃப்.ஆர். (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பொதுச் செலவு, ஊதியம், நிலைச் சொத்து என மூன்று தலைப்புகள் தனித்தனியாக உண்டு. பொதுச் செலவுக்கு வந்த பணத்தில் வாத்தியம் வாங்கினால் அது எந்தத் தலைப்பிலும் உட்காராது. அரசுப் பணத்தில் வாங்கிய சொத்தைப் பின்னால் அனுமதியின்றி விற்கவும் கூடாது. வாத்தியத்தை வாடகைக்கு எடுங்கள், அல்லது சொந்தப் பங்கிலிருந்து வாங்குங்கள்.

அந்தச் சொந்தப் பங்கான ₹1,00,000 எங்கிருந்து வரும்? ஊரார் போட்டுத் தரும் பந்தலும் சாப்பாடும் பெரிய உதவிதான். ஆனாலும் அதையே பங்காக ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். திரௌபதை அம்மன் கோயில் விழாவுக்கு அழைக்கும் ஊர்களிடம், இன்ன தேதி, இன்ன தொகை என்று கடிதம் வாங்கி, அந்தத் தொகையைக் குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் வருமானமும் தெரியாது, பங்கும் தெரியாது.

காலத்தைக் குறிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. நிதியாண்டு பங்குனி நடுவில் முடிகிறது. கூத்து சீசன் அதே பங்குனியில்தான் சூடுபிடித்து ஆடி வரை ஓடுகிறது. ஒப்புதல் ஆணையில் உள்ள காலத்துக்கு வெளியே செய்த செலவு கணக்கில் சேராது. எனவே பயிலரங்கை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கூரையுள்ள இடத்தில் வையுங்கள். கலைஞர்கள் ஓய்வாக இருக்கும் காலமும் அதுதான். ஆட்டங்களைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் திட்டங்களில் கடிதம் வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம், முதலில் அதற்கு எழுதுங்கள். இதே நிகழ்ச்சிக்கு வேறு அமைச்சகத்திடமோ துறையிடமோ நிதி வாங்கவில்லை, கேட்கவும் இல்லை என்று சான்றளிக்கச் சொல்வார்கள். ஒரே திட்டத்தை நகலெடுத்து நாலு இடத்துக்கு அனுப்பினால் அந்தச் சான்று பொய்யாகிவிடும். பயிலரங்கு ஓரிடத்துக்கு, ஆட்டம் இன்னோரிடத்துக்கு என்று பிரித்துக் கேட்பது வேறு.

பணம் வந்த பிறகு

ஒப்புதலுக்குமுன் பிணைமுறியில் கையெழுத்து கேட்பார்கள். அதை நிர்வாகிகள் அனைவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நிபந்தனை மீறினால் வாங்கிய தொகையை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தர, கையெழுத்திட்டவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது அதன் பொருள். அதாவது செயலாளர் செய்த தவறுக்குப் பொருளாளரின் வீட்டுக்கும் கடிதம் வரலாம்.

மானியத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வையுங்கள். அதில் சேரும் வட்டி குழுவுக்குச் சொந்தமில்லை, ‘பாரத்கோஷ்’ தளம் வழியாக அரசுக்குத் திருப்ப வேண்டும். முந்நூறு ரூபாய் வட்டியை மறந்ததற்காகச் சான்று திரும்பி வருவதுண்டு.

ஜமாக்களுக்கு மிகக் கடினமான இடம் சம்பளப் பட்டுவாடா. கூத்தில் பணத்தை வாத்தியார் மொத்தமாக வாங்கி, வேஷத்துக்கும் அனுபவத்துக்கும் தக்கபடி பங்கு பிரிப்பதே வழக்கம். அந்த முறைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது: ராஜ வேஷக்காரருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் ஒரே பங்கு இல்லை. ஆனால் மானியக் கணக்கில் அந்த வழி செல்லாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வங்கிக் கணக்கில் பணம் போக வேண்டும். பங்கில் வேறுபாடு வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே முதன்மை வேஷம் ₹1,800, பின்பாட்டு ₹1,200 என்று எழுதிவிடுங்கள். எல்லாருக்கும் ₹1,500 என்று காட்டிவிட்டு, பிறகு பாதியைத் திரும்ப வாங்கிப் பங்கிடுவது முறைகேடு. ரெப்பர்டரி மானியத்தில் சிஷ்யருக்கு வந்த பத்தாயிரத்தில் குழு ‘பங்கு’ எடுப்பதும் அப்படியே. அந்த ஏழைக் கலைஞரின் பணத்தில் குழுவுக்கு உரிமை இல்லை.

மூத்த கலைஞர் பலருக்குக் கணக்கு உறங்கிக் கிடக்கும், அல்லது ஆதாரில் பெயர் மாறியிருக்கும். ஒத்திகை தொடங்கும் முன்பே எல்லாருடைய கணக்குப் புத்தகத்தையும் ஒருநாள் கொண்டுவரச் சொல்லி, ஆளுக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

வவுச்சரில் பெயர், தேதி, ஊர், என்ன வேலை, தொகை, வங்கிப் பரிமாற்ற எண், கையெழுத்து ஆகிய ஏழும் வேண்டும். ₹5,000-க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். கைநாட்டு என்றால் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. ஒரே நாளில் ஒருவருக்கு ₹10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது. மைக்செட்காரரிடமும் வேன்காரரிடமும் ‘எஸ்டிமேட்’ சீட்டு வாங்காமல், எண்ணும் தேதியும் உள்ள பில் வாங்குங்கள். டி.டி.எஸ். (கொடுக்கும் தொகையிலேயே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பு ஆடிட்டரிடம் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் குழுவின் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஆட்டத்தன்று அமைச்சகத்தின் உதவியைக் குறிப்பிடும் பதாகை மேடையில் தெரியும்படி மாலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். இரவில் கட்டியங்காரன் (கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளி வேஷம்) வந்து ஆட்டம் ஏறும்போது யாருக்கும் அது நினைவிருக்காது. பயிலரங்கில் வருகைப் பதிவேட்டை அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கி முடியுங்கள்.

மானியம் ஒரே தவணையில் வராது. மீதி, கணக்கு கொடுத்த பின்தான். அதுவரை ஓட்ட வேண்டிய தொகையை முன்கூட்டியே கணக்கிட்டு, முதல் தவணையிலும் சொந்தப் பங்கிலும் கலைஞர் சம்பளத்தை முதலில் தீருங்கள். காத்திருக்கக்கூடியவை வீடியோவும் அச்சும்தான். பயன்பாட்டுச் சான்றுக்கு நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை பொது நிதி விதிகளில் அவகாசம் உண்டு. அதுவரை காத்திராமல் கடைசி ஆட்டம் முடிந்த மாதத்திலேயே வவுச்சர் கோப்பை ஆடிட்டரிடம் கொடுங்கள். அனுப்பும் முன் விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியையும் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து இரவு என்று எழுதி நான்குதான் நடந்திருந்தால், நடக்காத இரவின் பணத்தை வட்டியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பி, காரணத்தை ஒரு பக்கக் கடிதமாக இணையுங்கள்.