அமெரிக்க நீதிமன்ற ஆய்வு: வழுக்கும் இடங்கள்

அமெரிக்கச் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் கற்பித்து, ஆராய்ந்து வாழ்வதற்கு அங்கே இரண்டு வாசல்கள்: சட்டக் கல்லூரி, அரசியல் அறிவியல் துறை. முதலாவதில் ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் பட்டம்தான் வழக்கம், இப்போது கூடவே பிஎச்.டி. வைத்திருப்பவர்களும் பெருகிவிட்டார்கள். இரண்டாவதற்கு பிஎச்.டி. போதும். எந்த வாசல் என்று தீர்மானிக்காமல் கிளம்புவதுதான் முதல் தவறு. இங்கே சட்டம் முடித்துவிட்டு, அங்கே ஓராண்டு எல்எல்.எம். (சட்ட முதுகலை) படித்தால் பேராசிரியர் ஆகிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. அதை மட்டும் வைத்து நிரந்தரப் பணி கிடைப்பது அரிது.

கட்டுரை அனுப்புவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லா ரிவியூ எனப்படும் சட்டக் கல்லூரி ஆய்விதழ்களை நடத்துவது பெரும்பாலும் மாணவர்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஒன்று ஏற்றுக்கொண்டால், அதைச் சொல்லியே இன்னும் பெயர்பெற்ற இதழிடம் 'சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்' என்று கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இதே வேலையை அரசியல் அறிவியல் ஆய்விதழ்களிடம் காட்டினால் பெயர் கெட்டுவிடும். அங்கே ஒரு நேரத்தில் ஒரே இதழ்தான். துறை வல்லுநர்கள் படித்துச் சொல்லும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம், உச்ச நீதிமன்ற மோகம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்தாலும், அது வாதம் கேட்டுத் தீர்ப்பு சொல்வது சுமார் 60 வழக்குகளில்தான். 1925, 1988 ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு எதை எடுப்பது என்பது ஏறக்குறைய முழுக்க நீதிபதிகள் விருப்பம். அப்படிப் பொறுக்கி எடுத்ததை வைத்து 'அமெரிக்க நீதிபதிகள் இப்படித்தான்' என்று எழுதினால் எடுபடாது. நாட்டின் பெரும்பாலான வழக்குகள் முடிவது மாநில நீதிமன்றங்களில். மனுவை எடுக்க மறுத்தாலே கீழ்த் தீர்ப்பு சரி என்று பொருள் என வகுப்பில் சொல்லிவிடவும் கூடாது.

அரசியல் அறிவியலாளர் ஹெரால்ட் ஸ்பேத் தொடங்கிய உச்ச நீதிமன்றத் தரவுத்தளம் இலவசம். விளக்கக் கையேட்டைப் படிக்காமல் எண்ண ஆரம்பித்தால் கணக்கு தப்பும். ஒரே பாலினத் திருமணத்தை நாடெங்கும் ஏற்று 2015இல் வந்த ஓபர்கெஃபெல் தீர்ப்பு ஒன்றுதான். அதன் கீழ் நான்கு வழக்கு எண்கள். வழக்கு எண்வாரியான கோப்பை எடுத்தவருக்கு ஒரே தீர்ப்பு பல வரிசைகளாக நிற்கும்.

கூட்டாட்சிக் கீழ் நீதிமன்ற ஆவணங்களுக்கு, பேசர் என்ற அரசுத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். அதில் பணம் கட்டுமுன் கோர்ட்லிஸ்னர் என்ற இலவசத் தளத்தில் தேடுங்கள். சில இலவசமாகவே அகப்படலாம். பல்கலைக்கழக ஆய்வாளர் என்றால் கட்டண விலக்குக்கும் விண்ணப்பிக்கலாம்.