தேக்குப் படச்சட்டம்: 45 டிகிரி மூலைகளைப் பசையிட்டு இறுக்கும் முறை

படச்சட்டத்தின் மூலை வாய் பிளந்தால் பெரும்பாலும் பசையின் மேல்தான் பழி விழும். பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்த மூலையின் கதி முடிவாகிவிடுகிறது. வெட்டு சரியாக அமைந்தால் கிளாம்பை (துண்டுகளைச் சேர்த்து இறுக்கும் பிடியை) லேசாகத் திருகினால் போதும். வெட்டு பிசகியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. கிளாம்பை எடுத்ததும் மரம் தன் பழைய நிலைக்குத் திரும்பவே பார்க்கும், பசையும் அந்த இழுப்பில் மாதக்கணக்கில் நின்று கடைசியில் விட்டுவிடும்.

12க்கு 18 அங்குலக் கண்ணாடிக்கான சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேக்கு ரீப்பர் (நீளமான மரச்சட்டம்) 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். கண்ணாடி உட்கார உள்விளிம்பின் பின்புறத்தில் 6 மி.மீ. அகலக் காடி, அதாவது படிபோல் வெட்டிய பள்ளம். கண்ணாடி 305க்கு 457 மி.மீ.; அது இறுகாமல் உட்கார நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. கூட்டுங்கள். ரீப்பர் அகலத்தில் காடி போக மீதி 34. இரண்டு முனைக்கும் 68. ஆக வெளிவிளிம்பு நீளம் 376 மி.மீ. இரண்டு துண்டு, 528 மி.மீ. இரண்டு துண்டு. ரம்பம் தின்பதையும் சேர்த்து 7 அடி ரீப்பர் போதும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பிறகு காய்ந்து அகலத்தில் சுருங்கும்போது மூலை உள்பக்கமாக வாய் திறக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதினால் இதற்கு நேர்மாறாக வெளிமுனை திறக்கும். எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கமாகத் தவறினால் மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலைகளை நன்றாகப் பொருத்திவிட்டு நான்காவதற்கு வரும்போது அது கிட்டத்தட்ட 4 மி.மீ. இடைவெளியாக வந்து நிற்கும். அதனால் ரம்ப இயந்திரத்தின் டிகிரிக் கோட்டை நம்ப வேண்டாம். வீண் கட்டை இரண்டை வெட்டிச் சேர்த்து, மூலைமட்டம் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோணத்துக்கு இணையாக முக்கியமானது நீளம். எதிரெதிர்த் துண்டுகள் அரை மி.மீ. வித்தியாசப்பட்டாலும், கோணம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மூலை மூடாது. ரம்ப மேசையில் ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்பால் பிடித்து வைத்து, ஜோடித் துண்டுகளை அதில் முட்டியே வெட்டுங்கள். பிறகு இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து, முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

வெட்டு முகத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. விளிம்பு உருண்டுவிடும், மூலையில் கோடு தெரியும். திருத்த வேண்டுமென்றால் 45 டிகிரி தடுப்பு வைத்த பலகையில் துண்டைப் படுக்க வைத்து, கூரான இழைப்புளியால் மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். மழுங்கிய பிளேடு கருக்கிய இடமும் ஆபத்து. அந்த மினுமினுப்பான பரப்புக்குள் பசை இறங்காது.

அடுத்து, பசை இல்லாமலே முழுச் சட்டத்தையும் கூட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கிப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பசை வழியும் கையோடு ஓடி அலைகிறார்கள். சன்மைக்கா ஒட்டிய சமமான பலகையின் மேல் பாலித்தீன் தாள் விரித்து அதன்மேல் செய்யுங்கள், சட்டம் முறுக்கிக்கொள்ளாது. இறுக்கத்துக்கு ராட்செட் (பின்னோக்கித் தளராத பல்சக்கரம்) வைத்த பெல்ட் கிளாம்ப் மிக எளிது, நான்கு மூலையையும் ஒரே நேரத்தில் சமமாக இழுக்கும். இல்லாவிட்டால் நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கலாம். மூலைகளில் கயிறு பதியாதிருக்கத் தகடோ தடித்த அட்டையோ வையுங்கள். இப்போதும் ஒரு மூலை மயிரிழை திறந்திருந்தால், சட்டம் இறுக்கத்தில் இருக்கும்போதே அந்த மூட்டின் வழியே பல் நெருக்கமான கைரம்பத்தை ஒருமுறை ஓட்டுங்கள். இரு முகமும் இணையாகிவிடும், மறுபடி இறுக்கினால் சேரும். நீளம் சமமாகக் குறைய, நான்கு மூலையிலும் அதையே செய்ய வேண்டும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. வெட்டிய அன்றைக்கே ஒட்டுவது நல்லது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த சுத்தமான துணியால் வெட்டு முகங்களைத் துடைத்து, அது ஆவியானதும் பசை போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் தீ கூடாது.

வீட்டுக்குள் தொங்கும் சட்டத்துக்கு ஃபெவிகால் எஸ்.எச். போதும், ஈரம் படும் இடமென்றால் ஃபெவிகால் மரைன். நான்கு மூலைக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கு மேல் செலவாகாது. ஆனால் ஒரே பூச்சாகப் பூசாதீர்கள். 45 டிகிரியில் வெட்டும்போது மரத்தின் குழாய்கள் பாதி வாய் திறந்து நிற்கின்றன. முதலில் போடும் பசையை அவை உறிஞ்சிவிடும், மூட்டில் மிஞ்சுவது வறண்ட படலம்தான். எட்டு முகங்களிலும் மெல்லியதாக ஒரு பூச்சு தேய்த்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு, இரண்டாவது பூச்சு போட்டு உடனே கூட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயில் காலத்தில் ஐந்து நிமிடத்திலேயே பசை மேல் ஆடை கட்டிவிடும்.

ஈரப்பசை வழுக்கும், துண்டுகள் நழுவும். அதனால் ஒரேயடியாக முறுக்காமல் கொஞ்சம் இறுக்கி, மூலைகளை விரலால் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். எல்லா மூலையிலும் சிறு மணிமணியாகப் பசை வெளிவந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி, மூட்டில் பசை மிஞ்சாது. உடனே மூலைவிட்டங்களை அளக்க வேண்டும்: இந்தச் சட்டத்துக்கு இரண்டும் 648 மி.மீ. ஒன்று நீளமாக இருந்தால் அந்த இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்துங்கள். 1 மி.மீ.க்குள் வந்தால் விட்டுவிடலாம்.

அகலமான கனத்த சட்டமென்றால் பெல்ட் போதாது. 45 டிகிரி முக்கோணக் கட்டைகளை, நடுவில் பழுப்புத்தாள் வைத்து, மூலையின் இருபுறமும் வெளிவிளிம்பில் ஒட்டிக் காயவிடுங்கள். கட்டையின் சாய்முகம் மூட்டுக்கு இணையாக இருப்பதால், அதன்மேல் போடும் கிளாம்ப் மூட்டை நேர்செங்குத்தாக அழுத்தும். வேலை முடிந்ததும் உளியால் தட்டினால் கட்டை தாளோடு பிளந்து வந்துவிடும். மிச்சத்தை இழைத்துவிடலாம்.

வெளியே வந்த பசையை ஈரத்துணியால் துடைத்தால் அது மரத்தின் துளைகளுக்குள் போய், பாலிஷ் அடிக்கும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அரைமணி நேரம் விட்டு, ரப்பர் போல ஆனதும் கூரான உளியால் சீவுங்கள். கிளாம்ப் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம், மழைக்காலத்தில் நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். முழு வலுவுக்கு 24 மணி நேரம்.

கடைசியில் ஒரு வேலை மிச்சம். 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஒரு கிலோ இருக்கும். இந்த எடையைப் பசையிடம் மட்டும் விட வேண்டாம். மறுநாள் ஒவ்வொரு மூலையிலும் வெளிமுனையிலிருந்து மூட்டைக் குறுக்கே கடக்கும்படி 20 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி, அந்தக் கீறலின் கனத்துக்கு இழைத்த மரச்சில்லைப் பசை தடவிச் செருகுங்கள். சில்லின் நார் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்கு ஓட வேண்டும். திருப்பிப் போட்டால் சில்லு மூட்டின் வழியாகவே ஒடியும். கீறல் காடிக்குள் நுழையாமல் முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் நடுவில் வரட்டும். காய்ந்ததும் நீட்டியிருப்பதை அறுத்து, முனையிலிருந்து உள்நோக்கி இழையுங்கள். வெளிநோக்கி இழைத்தால் சில்லின் ஓரம் பிய்ந்து வரும்.