முதலாளியின் விக்கிப்பீடியா பக்கத்தில் கைவைக்கும் முன்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் பிறந்து கொழும்பிலும் துபாயிலும் தொழில் செய்து பெரிய ஆளானவர்கள் நம் கரையில் நிறைய உண்டு. மண்டபம், பாம்பன் பக்கம் இறாலும் நண்டும் ஏற்றுமதி செய்து வளர்ந்தவர்களும் உண்டு. இவர்களில் ஒருவருக்கு விக்கிப்பீடியாவில் தன் பெயரில் ஒரு பக்கம் வேண்டும் என்று தோன்றினால், அந்த வேலை பெரும்பாலும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் தலையில் விழும். இல்லையென்றால் வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் மருமகன் தலையில். இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளுக்காக. அவர்களிடம் வேலையைக் கொடுக்கிற முதலாளிகளும் படித்தால் நல்லது.

விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். "அப்படியென்றால் நம் பக்கத்தை நாமே திருத்தினால் என்ன?" என்ற கேள்வியும் உடனே வரும். ஒருவரைப் பற்றிய கட்டுரையை அவரோ, அவர் வீட்டாரோ, ஊழியரோ, கூட்டாளியோ, அவரிடம் பணம் வாங்கியவரோ எழுதுவதை நலமுரண் என்கிறார்கள். பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்ற விஷயம் இது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த மதிப்பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பக்கத்தைப் படிக்கப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கும் பையனின் வீட்டில், நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டும் முன், அந்தக் கம்பெனி முதலாளி பெயரை போனில் தேடிப் பார்க்கிறார்கள். கூகிளில் முதலில் வருகிற சில பக்கங்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. அதை முதலாளியின் சொந்த அலுவலகமே எழுதியது என்று அந்த உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ தெரிய வழியில்லை. நலமுரணை நான் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதற்கு இந்த வீடுகள்தான் காரணம்.

தொடர்பை மறைப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு தொகுப்பவர், அதாவது கட்டுரையை எழுதவோ திருத்தவோ செய்பவர், அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற விதியை விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஜூனில் தன் பயன்பாட்டு விதிமுறைகளில் சேர்த்தது. வேலை கொடுத்தவர் யார், யாருக்காக எழுதுகிறார், என்ன தொடர்பு என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். தன் பயனர் பக்கத்தில் எழுதலாம், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று அதனுடன் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதலாம், அல்லது ஒவ்வொரு தொகுப்பின் சுருக்கக் குறிப்பிலும் எழுதலாம். ஏதாவது ஓர் இடம் போதும்.

இங்கே பல பேர் தடுமாறுகிறார்கள். "எனக்கு இதற்கென்று தனியாகக் காசு தரவில்லை, மாதச் சம்பளம்தான்" என்பார்கள். அலுவலக வேலையின் பகுதியாகச் செய்தால் அதுவும் பணம் பெற்ற தொகுப்புதான். பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர் செய்தாலும் அப்படியே. காசு வாங்காத மருமகனுக்கு இந்தப் பணவிதி பொருந்தாது. ஆனால் நலமுரண் அவருக்கும் உண்டு, அவரும் உறவைச் சொல்லிவிடுவதே முறை.

கம்பெனி பெயரிலேயே பயனர் கணக்கு தொடங்குவதும், ஒரே கணக்கின் கடவுச்சொல்லை அலுவலகத்தில் மூன்று பேர் வைத்துக்கொள்வதும் இதன் கிளைகள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. ஒரு கணக்கு முடக்கப்பட்டால் உடனே இன்னொன்று தொடங்குவது இவற்றைவிட மோசம். அதைக் கைப்பாவைக் கணக்கு என்பார்கள். அது பிடிபட்டால் எழுதியவர் மேல் இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விடும்.

பிடிபடுவது அவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். சுலபம்தான். ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கணக்கு நேரடியாகக் கட்டுரை தொடங்க 4 நாளும் 10 தொகுப்புகளும் ஆகியிருக்க வேண்டும். அதற்காகச் சம்பந்தமே இல்லாத பத்துக் கட்டுரைகளில் கட்டுரைக்கொரு காற்புள்ளி போட்டுவிட்டு, பதினொன்றாவதாக ஒரு தொழிலதிபரின் முழு வாழ்க்கை வரலாற்றை ஒரே மூச்சில் ஏற்றும் கணக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழகிய தொகுப்பாளர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள்.

பெரிய பதவியில் இருப்பதும் காப்பாற்றாது. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு, கணக்குகளை முடக்கவும் கட்டுரைகளை நீக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகியாகவே இருந்த ஒருவரின் பொறுப்பைப் பறித்துத் தடை செய்தது. இந்தியாவின் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்று தொடர்பான கட்டுரைகளில் அவர் சார்போடு நடந்துகொண்டார் என்பதே பிரச்சினையாக இருந்தது. அத்தகைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் கல்லூரி தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அவர்கள் கட்டப்போவது பெற்றோரின் சேமிப்பு.

பிடிக்காத பத்தியைச் சத்தமில்லாமல் நீக்குவது

நம் கடற்கரையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இறால் பண்ணையால் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது என்ற புகார் தமிழகக் கடலோரத்துக்குப் புதிதல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2005இல் இதற்கென்றே கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இப்படி ஒரு வழக்கில் சிக்கிய ஏற்றுமதியாளர் ஒருவரின் பக்கத்தில், நாளிதழ்ச் செய்தியை ஆதாரமாகக் காட்டி இரண்டு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தம்பி, அந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துடு" என்கிறார் முதலாளி.

எடுத்தால் என்ன ஆகும்? கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் எந்தக் கணக்கு, எந்த நாள், எந்த நிமிடம், எந்த வரியை நீக்கியது என்பது அப்படியே இருக்கும். யாராவது ஒருவர் அதைத் திரும்பச் சேர்ப்பார். கட்டுரைக்குத் தொடர்புடையவர்கள் இதைத் தொகுத்திருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பட்டை தலையில் ஏறும். இரண்டு வரியாக இருந்த வழக்கைப் பற்றி மேலும் தேடிப் படித்து யாராவது இரண்டு பத்தியும் எழுதுவார்கள்.

கணக்கே தொடங்காமல் செய்தாலும் தடயம் இருக்கும். 2007 ஆகஸ்டில் விர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். பெயர் இல்லாமல் செய்த தொகுப்புகள் எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐ.பி. முகவரி) வந்தன என்று அது காட்டியது. வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் முகவரியிலிருந்தே அந்த இயந்திரங்களைப் பற்றிய விமர்சனப் பத்திகள் நீக்கப்பட்டிருந்தது அதில் வெளியே வந்தது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸுக்கே இந்தச் சங்கடம் நேர்ந்தது. லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொன்ன குறிப்புகளைத் தன் பக்கத்திலிருந்து அவர் நீக்கியது 2005இல் தெரியவந்தது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பிறகு அவரே வருத்தப்பட்டார்.

சரி, வழக்கில் அவர் விடுதலையாகியிருந்தால்? அது நியாயமான குறை. வழக்கு போட்டதை மட்டும் சொல்லிவிட்டு முடிவைச் சொல்லாத கட்டுரை அரைகுறைக் கட்டுரைதான். அதற்காக அந்த வரிகளை நீக்கக் கூடாது. முடிவையும் சேர்க்கும்படி பேச்சுப் பக்கத்தில் கேட்க வேண்டும். தீர்ப்பு நகலை மட்டும் நீட்டினால் போதாது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது நீதிமன்ற ஆவணங்களை நேரடி ஆதாரமாக வைக்க ஆங்கில விக்கிப்பீடியா விடுவதில்லை. தீர்ப்பைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியைத் தேடிக் கொடுங்கள்.

வள்ளல், தந்தை, செம்மல்

கொடுத்தவரைப் பாடுவது நமக்குப் புதிதல்ல. கீழக்கரை சீதக்காதியைப் படிக்காசுப் புலவர் பாடினார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவராகவும் சீதக்காதியைத்தான் சொல்கிறோம். அந்தப் பாட்டுகளை நான் மனதார ரசிப்பவன். ஆனால் புகழ்வதற்கு இடம் பாட்டு, பாராட்டு விழா மேடை, ஊரில் ஒட்டும் சுவரொட்டி. கலைக்களஞ்சியத்தில் அந்த அடைமொழிகள் எழுதியவர் யார் என்பதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

கீழக்கரையில் பிறந்து 2015இல் மறைந்த பி.எஸ். அப்துர் ரஹ்மானை எடுத்துக்கொள்ளுங்கள். "கல்விக்கு வாழ்வை அர்ப்பணித்த மாமனிதர்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. சென்னை வண்டலூரில் 1984இல் தொடங்கிய கிரசெண்ட் பொறியியல் கல்லூரிக்குப் பின்னால் இருந்தவர் என்று எழுதினால் ஊர், ஆண்டு, நிறுவனம் எல்லாம் கிடைத்துவிடும், எவரும் சரிபார்க்கவும் முடியும். பெயருக்கு முன்னால் டாக்டர், ஹாஜி, அல்ஹாஜ் என்று அடுக்குவதும் வேண்டாம்.

நாமே அச்சிட்டதை ஆதாரமாகக் காட்டுவது

பள்ளி ஆண்டு மலர், பாராட்டு விழா மலர், கம்பெனியின் சொந்த இணையதளம், கட்டணம் கட்டி வாங்கிய விருது, காசு கொடுத்து நாளிதழில் போட்ட சிறப்புப் பக்கம் ஆகியவை அவருக்குத் தொடர்பில்லாத ஒருவர் எழுதியவை ஆகாது. இந்தியச் செய்தி நிறுவனங்களில் வரும் கட்டணச் செய்திகள் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் தனியாகவே எச்சரிக்கைக் குறிப்பு உண்டு. பேட்டியும் பெரிதாக உதவாது, அதில் பேசுவது அவர்தானே.

சம்பந்தமில்லாத நம்பகமான ஊடகங்களோ நூல்களோ ஒருவரைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால்தான் அவருக்குத் தனிக் கட்டுரை நிற்கும். இதைக் குறிப்பிடத்தக்கமை என்பார்கள். ஊருக்குள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படி எழுத்து இல்லையென்றால் கட்டுரை நீக்கப்படும். முதலாளியிடம் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. பக்கம் இல்லாமல் இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பக்கம் வந்து, நீக்கல் விவாதத்தில் பெயர் அடிபட்டு, அந்த விவாதமும் இணையத்தில் தங்கிவிடுவதுதான் சங்கடம்.

இதில் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்தக் கரையின் மரக்கல வணிகம், முத்துக்குளிப்பு, இலங்கை வியாபாரம் பற்றியெல்லாம் தமிழ் விக்கிப்பீடியாவில் இன்னும் எவ்வளவோ எழுத வேண்டியிருக்கிறது. விளம்பரக் கட்டுரைகளைக் களையெடுப்பதிலேயே தன்னார்வலர்களின் நேரம் போனால் அதையெல்லாம் எழுத யார் இருக்கிறார்கள்?

போனில் வரும் "விக்கிப்பீடியா நிபுணர்"

பணம் கொடுத்தால் பக்கம் போட்டுத் தருவதாக அழைப்பு வந்தால் கவனம். 2015 ஆகஸ்ட் இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே கும்பலுடன் தொடர்புடைய 381 கணக்குகளை முடக்கியது, அவர்கள் போட்ட 210 கட்டுரைகளையும் நீக்கியது. ஆரஞ்ச்மூடி (Orangemoody) என்று அந்த விவகாரத்துக்குப் பெயர். வரைவு நிராகரிக்கப்பட்ட சிறு தொழில்காரர்களையும் கலைஞர்களையும் தேடிப்பிடித்து, பணம் வாங்கிக் கட்டுரையை ஏற்றி, பிறகு "பக்கத்தைப் பாதுகாக்க" என்று மாதாமாதம் பணம் கேட்டிருக்கிறார்கள். கட்டுரை போடவோ காக்கவோ விக்கிப்பீடியா யாரிடமும் காசு கேட்பதில்லை. கட்டுரை நிலைக்கும் என்று உத்தரவாதம் தர யாராலும் முடியாது.

இன்னும் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் வந்த படத்தை "சொந்தப் படைப்பு" என்று ஏற்றாதீர்கள், அது நீக்கப்படும். அப்புறம், "வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம்" என்று பேச்சுப் பக்கத்தில் மிரட்டாதீர்கள். சட்ட மிரட்டல் விடுத்த கணக்கை அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும் வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் முடக்கி வைப்பார்கள்.

அப்படியானால் எப்படிக் கேட்பது?

கட்டுரையைத் தொடாமல் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். இந்த மாதிரி எழுதினால் போதும்: "வணக்கம். இக்கட்டுரையில் குறிப்பிடப்படுபவரின் நிறுவனத்தில் நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். இரண்டாம் பத்தியில் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1982 என்று உள்ளது. கீழே இணைத்துள்ள நாளிதழ்ச் செய்தியில் 1985 என்று இருக்கிறது. சரிபார்த்து மாற்ற வேண்டுகிறேன்." எந்த வரி, என்ன மாற்றம், என்ன ஆதாரம் என்பது அதிலேயே இருக்கிறது. முழுக் கட்டுரையையும் மாற்றி எழுதி ஒட்டிவிட்டு "இதைப் போடுங்கள்" என்றால் யாரும் தொட மாட்டார்கள்.

பதில் வரத் தாமதமாகும். தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்பவர்கள் குறைவு, எல்லோரும் வேலைக்கு நடுவே வருகிறவர்கள். சில வாரம் பார்த்துவிட்டு எல்லோரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் ஒருமுறை நினைவூட்டலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் நலமுரண் வேண்டுகோளுக்கென்றே ஒரு வார்ப்புரு, அதாவது பக்கத்தில் ஒட்டும் தயார் குறியீடு உண்டு, அதை இட்டால் வேண்டுகோள் வரிசையில் சேர்ந்துவிடும்.

காத்திருக்க வேண்டாத ஒரு சூழ்நிலை உண்டு. ஆதாரமே இல்லாமல் யாராவது அவரைத் திருடன் என்றோ, இறந்துவிட்டார் என்றோ எழுதிவைத்திருந்தால், அந்த அவதூறை ஊழியரோ உறவினரோ உடனே நீக்கலாம். விதி அதற்கு இடம் தருகிறது. நீக்கிய கையோடு நீங்கள் யார், ஏன் நீக்கினீர்கள் என்று பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.