நம் பிள்ளைகளுக்காக எம்.எல்.ஏ.விடமும் சட்டப்பேரவை மனுக்கள் குழுவிடமும் மனு கொடுப்பது எப்படி?

என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே ஆட்டிசம். 18 முடிந்ததும் சிறப்புப் பள்ளியில் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்கப்புறமும் ஏழெட்டு மாதம், காலை எட்டேகால் ஆனால் பையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்பான், வேன் வரும் என்று. எங்கள் வட்டத்தில் (தாலுகாவில்) 18 தாண்டியவர்கள் போய் உட்கார ஒரு பகல்நேர மையம் கிடையாது. அதைக் கேட்டு வாங்க இரண்டு வருஷம் ஆனது, அதில் ஒரு வருஷம் மனுவைத் தப்பாக எழுதியதால் மட்டுமே போனது. உங்களுக்காவது அந்த வருஷம் மிச்சமாகட்டும்.

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), பாதுகாவலர் சான்றிதழ் (18 தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி நாம்தான் பாதுகாவலர் என்பதற்கான தாள்) எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

1. ஐந்து குடும்பமாவது சேருங்கள்

தெரபிக்குக் காத்திருக்கும் இடத்தில், முகாம் வரிசையில், நம்மைப் போன்றவர்கள் இருப்பார்கள். வாட்ஸ்அப் குழு போதும் என்று நினைக்காதீர்கள், அதில் காலை வணக்கம்தான் வரும். நான் ஒரு நீள நோட்டு வாங்கி வீடு வீடாகப் போனேன். எதிரில் உட்கார்ந்து எழுதி வாங்கிய பெயர்தான் கடைசிவரை கூட வந்தது.

2. எண்ணிக்கையைக் கையில் வையுங்கள்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். கேள்வி இரண்டே இரண்டு: நம் வட்டத்தில் 18 வயது கடந்த அறிவுசார் குறைபாடுடையோர் எத்தனை பேர், அவர்களுக்கான மையங்கள் எத்தனை. இரண்டாவதுக்கு எங்களுக்கு 'இல்லை' என்று பதில் வந்தது. மனுவுக்கு அந்த ஒரு சொல்லைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

சட்டத்திலிருந்து ஒரு வரி போதும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவு தரும் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரைதான். ஆனால் அதே சட்டத்தின் 19-வது பிரிவு, வளர்ச்சிக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று தனித் திறன் பயிற்சியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பள்ளி முடிகிற இடத்தில் என்ன தொடங்க வேண்டும் என்று கேட்க நமக்கு இதுதான் பிடி.

3. மனு எழுதுவது (இங்கேதான் நான் விழுந்தேன்)

என் முதல் மனு நான்கு பக்கம். உதவித்தொகை தாமதம், பஸ் பாஸ், வேன், பாதுகாவலர் சான்றிதழுக்கு அலைந்தது, கடைசியில் பகல்நேர மையம். அழுதுகொண்டே எழுதியது. வாங்கிய அலுவலர் பென்சிலால் ஓரத்தில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்து, "அம்மா, இதுல நாலு உங்க வீட்டு விஷயம். ஒண்ணுதான் ஊர் விஷயம்" என்றார். அப்போது கோபம் வந்தது. அவர் சொன்னது சரி.

சட்டப்பேரவையின் மனுக்கள் குழு, அதாவது மக்களின் மனுக்களை விசாரிக்கும் எம்.எல்.ஏ.க்கள் குழு, மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வு நடத்தும். அதற்கு முன்னால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும், நாளிதழின் உள்ளூர் பக்கத்தில் சின்னதாக. அதில் நிபந்தனைகள் தெளிவாக இருக்கும்: பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, பட்டா, நலத்திட்ட உதவி கேட்பது எல்லாம் கூடாது. தமிழில், தேதியிட்டு, கையெழுத்துடன் ஐந்து நகல்கள். உதவித்தொகை வரவில்லை என்பதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், அதன் இடம் அது.

இரண்டாவது மனு ஒரே பக்கம். "எங்கள் வட்டத்தில் 18 வயது கடந்த அறிவுசார் குறைபாடுடையோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு மற்றும் தொழிற்பயிற்சி மையம் ஒன்று அமைக்க வேண்டும்." முதல் வரியே இதுதான். அடுத்து எண்ணிக்கை, சட்டப் பிரிவு, சும்மா கிடக்கும் அரசுக் கட்டடம் எங்கே இருக்கிறது என்ற தகவல். கேட்டில் நிற்கும் கதையை மனுவில் எழுதவில்லை, நேரில் சொல்ல வைத்துக்கொண்டேன்.

4. கிராம சபைத் தீர்மானம்

பலர் விட்டுவிடும் படி இது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் ஏதாவது ஒரு நாள் பிள்ளையோடு போய் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அதன் நகலை மனுவோடு இணையுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டத் திருத்தம் நிறைவேறியிருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அப்படி ஒருவர் வந்திருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

5. எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது

நேரம் தருவது அவருடைய உதவியாளர்தான், அவரிடம் மரியாதையாக, திரும்பத் திரும்பக் கேளுங்கள். பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்னால் பார்ப்பது நல்லது. பட்ஜெட்டுக்கு அப்புறம் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் வரும், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கப் பேரவையில் நடக்கும் விவாதம். அப்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும், தன் திட்டங்களை விளக்கும் புத்தகம் அது. போன வருஷக் குறிப்பை அரசு இணையதளத்தில் எடுத்து, இந்த மையங்கள் பற்றிய பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் அவர் பேசுவதற்கு வசதி. பேரவையில் கேட்கக்கூடிய ஒரு கேள்வியையும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.

பிள்ளையைக் கூட்டிப் போங்கள். எங்கள் மனுவை என் மகன்தான் இரண்டு கையாலும் நீட்டினான், அவர் வாங்கியதும் பதிலுக்கு ஏதாவது கொடுப்பார் என்று கையை நீட்டியபடியே நின்றான். அவர் அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் கேட்டார்.

6. அனுப்பிய பிறகு

குழு எடுத்துக்கொண்டால் நமக்குக் கடிதம் வரும். ஆய்வு நாளில் நம் முன்னாலேயே துறை அலுவலர்களிடம் விளக்கம் கேட்பார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால் எந்த நிலையில், யாரிடம், எப்போது முடியும் என்று அங்கேயே கேளுங்கள். எங்களுக்கு இப்போது ஒரு பழைய ஊராட்சிக் கட்டடத்தில் வாரம் மூன்று நாள் மையம் நடக்கிறது. காகிதக் கவர் ஒட்டுகிறார்கள். ஐந்து நாளாக்கச் சொல்லி அடுத்த மனு தயாராகிறது.

இந்தப் பதிவுக்கு வந்த கருத்துகளைப் பார்த்துச் சேர்த்தது: எல்லார் ஆதார் எண்ணையும், குறைபாட்டு விவரத்தையும் மனுவில் இணைத்ததாக ஒரு சகோதரி எழுதியிருந்தார். வேண்டாம். அந்தத் தாள் பல மேசைகளுக்குப் போகும். பெயர், ஊர், கையெழுத்து போதும்.

பிள்ளைகள் கையெழுத்துப் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் மனுவில் பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர்களும் போட்டார்கள், முடியாதவர்கள் கைரேகை வைத்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டோம்.

இன்னொன்று, மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி இந்தப் பதிவில் முதலில் எழுதியிருந்தேன். அது இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள்.